களஞ்சியத்துக்கு ஒரு பல்லுப் படம்

மாசி 1, வியாழன்

நல்ல பனி. எதிர் வூட்டு மாமரம் கண்ணுக்கே தெரியல, பூ வாசன மட்டும் வந்துச்சு. வாசல் தெளிச்சு கோலம் போட்டு ஆத்தா மாரியாயிக்கு ஒரு கும்புடு. மாசி பொறந்தாச்சு. எல்லாரயும் நல்லா வையி தாயி.

இன்னிக்கு வேல: புளி. அடிச்சு கொண்டாந்து கொட்டுனது மூலையில குமிஞ்சு கெடக்குது. கொட்ட எடுத்து எடுத்து வெரலெல்லாம் கருப்பு, நகக்கண்ணு எரியுது. எங்க வூட்டுக்காரரு ஒத்தாச பண்றேன்னு பக்கத்துல உக்காந்து பாதிய வாயில போட்டுக்கறாரு.

நாளைக்கு வெள்ளி. வெளக்கு பூச முடிஞ்சதும் களஞ்சியம். நெனச்சாலே சந்தோசமா இருக்குது. எட்டாங்கிளாசோட நிறுத்துனாரு எங்கப்பா. இத்தன வருசம் கழிச்சு திரும்ப ஒரு படிப்பு குடுத்தியே தாயி.

களஞ்சியம்னா நெட்ல இருக்கற அறிவுக் களஞ்சியம். யாரு வேணாலும் படிக்கலாம், யாரு வேணாலும் எழுதலாம், காசு கெடையாது. இங்கிலீஷ்ல கொட்டி கெடக்குதாம். தமிழ்ல ஓட்ட ஓட்டயா இருக்குது, அதுலயும் நம்ம தருமபுரி பக்கம்னா ஒண்ணுமே இல்ல. இதெல்லாம் லைப்ரரி மேரி சொன்னது. மேரி எங்கூர் கிளை நூலகத்துல வேல பாக்குது. சொந்த ஊரு திருச்சி பக்கம். ஞாயித்துக்கெழம சர்ச்சு, வெள்ளிக்கெழம எங்க பூசைக்கு எண்ண வாங்கி குடுக்கும். தங்கமான பொண்ணு.

போன வருசம் ஒரு காலேஜ்ல இருந்து வந்தாங்க. பேனர் கட்டி, டீ குடுத்து, லேப்டாப்ப விரிச்சு ஒரே நாள்ல எங்க ஊர பத்தி எழுதறோம்னு உக்காந்தாங்க. சாயங்காலம் போட்டோ புடிச்சுகிட்டு பஸ் ஏறிட்டாங்க. பாதி எழுதுனது பாதியாவே கெடந்துச்சு. ஏரி பேரு தப்பு. யாரும் திரும்பி பாக்கல. அப்ப தான் மேரி என்கிட்ட வந்து கேட்டுச்சு: "அக்கா, ஒரு நாள் கூட்டம் போட்டா இது நிக்காது. நீங்கெல்லாம் வாரா வாரம் பூசைக்கு தவறாம கூடறீங்க இல்ல, அதுலயே முடிஞ்சப்பறம் கொஞ்ச நேரம் எனக்கு குடுங்க. வாரத்துக்கு ஒரே ஒரு விசயம் போதும்."

பூசைக்கு தலைவி என் ஓரகத்தி ராசாத்தியக்கா. இவரோட அண்ணன் சம்சாரம். மொதல்ல மூஞ்ச சுளிச்சாங்க. "சாமி பாட்டு பாடற எடத்துல என்னடி போனு?" மாரியம்மன் கோயில பத்தி தான் மொதல்ல எழுத போறோம்னு மேரி சொன்னதும் வழிக்கு வந்துட்டாங்க. ஆடியில ஆரம்பிச்சது. இன்னிக்கு வரைக்கும் ஒரு வெள்ளி விடல.

எனக்கு டைப்பு வராது. போன்ல மைக்க அமுத்திட்டு பேசுனா அதுவே எழுதிக்குது. பேசறதுக்கு நான் அலுக்கறவளா. ஒரு தரம் கோயில் கட்டுரைக்கு, "கோயிலுக்கு கெழக்கால ஒரு வேப்பமரம் இருக்குது"ன்னு சொல்லிகிட்டே இருந்தேன், ஆடு வந்து புளியில வாய் வச்சுது. "ஏங்க, அந்த ஆட்ட புடிச்சு கட்டுங்க"ன்னு கத்துனேன். அதுவும் சேந்து களஞ்சியத்துல ஏறிடுச்சு. கொஞ்ச நேரத்துல எங்கயோ இருக்கற ஒருத்தரு எடுத்துட்டு, எனக்கு ஒரு சேதி போட்டாரு. "அம்மா, ஆட்டை நீக்கிவிட்டேன். கட்டியாச்சுங்களா?" அங்க அவரு பேரு வேலியோரம். எல்லாரும் இப்படி ஒரு பேரு வச்சுக்கறாங்க. ஆம்பளயா பொம்பளயா, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. நல்லா இருக்கட்டும்.

மாசி 2, வெள்ளி

பூச நல்லா நடந்துச்சு. சுண்டல் உப்பு தூக்கல், நான் தான் போட்டேன், யாரும் சொல்லல.

களஞ்சியத்துல ரெண்டு இடி.

ஒண்ணு: எங்க அக்கவுண்ட பூட்டிட்டாங்க. 'மாரியம்மன் வெளக்குபூசக் குழு'ன்னு எல்லாருக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு தான் வச்சிருந்தோம். மகளிர் குழுவுக்கு பேங்க்ல ஒரே அக்கவுண்ட் தான, அதே மாதிரி நெனச்சுகிட்டோம். யாரு கையில போன் இருக்குதோ அவங்க எழுதறது. போன வாரம் "இந்தக் கணக்கைப் பலர் பயன்படுத்துகிறீர்களா?"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. மேரி அன்னிக்கு லீவு. நாங்களே பெருமையா பதில் போட்டோம், "ஆமாங்க, எல்லாரும் ஒத்துமையா இருக்கறோம்"னு. பூட்டிட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் தானாம், அது தான் சட்டமாம். யாரு எழுதுனாங்கன்னு தெரியணுமாம்.

ராசாத்தியக்கா: "ஒத்துமையா இருக்கறது தப்புன்னு சொல்ற எடத்த இப்ப தான் பாக்கறேன்."

மேரி விழுந்து விழுந்து சிரிச்சுது. கோவமே வரல அதுக்கு. "என் தப்பு, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்"னு சொல்லுச்சு.

ரெண்டு: நான் பேசி எழுதுன கெணத்து சங்கதிய எடுத்துட்டாங்க. எங்க ஊர்ல எந்த கெணத்து தண்ணி நல்லது, எது ஆவாதுன்னு வரிசையா சொல்லியிருந்தேன். 'ஆதாரம் தேவை'ன்னு போட்டு தூக்கிட்டாங்க. ஆதாரம்னா புஸ்தகமோ பேப்பரோ, அச்சுல வந்திருக்கணும். எங்க கல்லுக்கெணத்த பத்தி எவன் புஸ்தகம் போட்டான்? கண்ணு கலங்கிடுச்சு. ஆனா வேலியோரம் மரியாதையா தான் எழுதியிருந்தாரு. "அம்மா, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். படிக்கிறவர் சரிபார்க்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்." சரி. ஞாயம் தான்.

மாசி 4, ஞாயிறு

வெயில் ஏறுது. பனி காலையில மட்டும்.

லைப்ரரியில போயி ஆளுக்கொரு அக்கவுண்ட். மேரி சர்ச்சுல இருந்து நேரா வந்து தொறந்துச்சு, லீவு நாள்னு கூட பாக்கல. பேரு வைக்கறதுல தான் ரகள. எல்லாருக்கும் மாரியம்மன் பேரு தான் வேணும். ஒருத்திக்கு கெடச்சா இன்னொருத்திக்கு இல்லங்குது. காளியம்மன், அங்காளம்மன், எல்லாம் எவளோ எங்கயோ எடுத்துகிட்டா. ராசாத்தியக்கா பெரிய மாமா பேர வைக்க சொன்னாங்க, ஆனா வாயால சொல்ல மாட்டாங்க, புருசன் பேராச்சே. "வடக்க பாத்து ஒக்காந்திருப்பாரே, அவரு பேருமா"ங்கறாங்க. அது எந்த சாமின்னு மேரிக்கு எப்படி தெரியும். கடைசியா "அவங்கவங்க பேரயே வைங்கக்கா"ன்னு மேரி முடிச்சு வச்சுது. ஒரே எடத்துல இருந்து ஒரு நாளைக்கு கொஞ்சம் பேருக்கு தான் வுடும், மீதி பேரு நாளைக்கு.

என் பேரு: கோவிந்தம்மா. முன்னாடி பின்னாடி ஒண்ணும் இல்ல. ரேசன் கார்டுல கூட அவரு பேரோட தான் இருக்கும். தனியா பாக்க எப்படியோ இருந்துச்சு. நல்லா தான் இருந்துச்சு.

பாஸ்வேர்ட் மறக்காம இருக்கணும். (எழுதி வைக்க கூடாதாம்.)

மாசி 7, புதன்

குழாய் தண்ணி வரல. எங்கயோ பைப்பு ஒடஞ்சிருக்குதாம். ஒகேனக்கல்ல இருந்து வர்ற ஆத்து தண்ணி தான் இப்ப நாங்க குடிக்கறது. அது வரலன்னா மறுபடி போர் தண்ணி. பெரிய சட்டியில ஊத்தி நல்லா கொதிக்க வச்சேன்.

மேரி மோர் வாங்க வந்துச்சு, பாத்துச்சு. "அக்கா, காய்ச்சுனா கிருமி சாவும். புளோரைடு போவாது. தண்ணி சுண்ட சுண்ட இன்னும் கெட்டியாவும்." எனக்கு நம்பிக்கையே வரல. இத்தன காலமா ஊரே காய்ச்சி தான குடிக்குது. லைப்ரரிக்கு கூட்டிட்டு போயி சுகாதார இலாகா போட்ட ஒரு சின்ன புஸ்தகத்த எடுத்து காட்டுச்சு. அச்சுல இருக்குது. வாயடச்சு போச்சு எனக்கு, அது சுலபத்துல நடக்கறது இல்ல.

எங்க மண்ணுக்கு அடியில அந்த புளோரைடு. போர் தண்ணி பாக்க கண்ணாடி, குடிக்கவும் ருசி. சின்ன வயசுல அத குடிச்சு வளந்தா பல்லு காவி காவியா ஆயிடும், எத்தன தேச்சாலும் போவாது. வயசானா சில பேருக்கு முட்டி, இடுப்பு புடிச்சுக்கும். நான் அடி பம்பு தண்ணியில வளந்தவ. என் முன் பல்லு ரெண்டும் வெல்லப்பாகு கலரு. கல்யாண போட்டோவுல வாய இறுக்கி மூடிகிட்டு சண்டக்காரி மாதிரி நிப்பேன். இன்னிக்கும் பேசறப்ப முந்தான வாய்க்கு தானா வந்துடும். இவ்ளோ பேசறவளுக்கு கை வலிக்கலயான்னு இவரு கேப்பாரு. வெளியூர்ல ஒருத்தி கேட்டா, "பொயில போடுவீங்களா?" வெத்தல கூட போட்டது இல்ல நானு.

எங்க பொண்ணு சுதா பல்லு மட்டும் முத்து மாதிரி. அவ பொறந்தப்ப ஒரு நர்சம்மா சொன்னாங்க, புள்ளைக்கு கல்லுக்கெணத்து தண்ணிய குடுன்னு. ஊருக்கு அந்த பக்கம் இருக்குது அது. தெனமும் புள்ளைக்கு தனியா ஒரு கொடம் அங்க இருந்து சொமந்தேன். மாமியா திட்டுனாங்க. அந்த கெணத்த தான் களஞ்சியத்துல எழுதுனேன்.

சாயங்காலம் நல்ல சேதி: சுதாவுக்கு மொரப்பூர் பக்கத்துல இருந்து எடம். பையன் ஓசூர்ல கம்பெனி. அம்மா மட்டும், அப்பா இல்ல. தோட்டத்துல வூடு. போட்டோ புடிச்சு போச்சாம். ரெண்டு பேரும் போன்ல பேசிக்கட்டும்னு சொல்லியிருக்கறாங்க. சுதா தருமபுரியில கண்ணாடி கடையில வேல முடிஞ்சு வந்து, ஒண்ணுமே தெரியாத மாதிரி சோறு தின்னா. காதெல்லாம் செவப்பு.

ஆத்தா, இத முடிச்சு குடு. மாவிளக்கு போடறேன்.

மாசி 9, வெள்ளி

குழாய் தண்ணி வந்துடுச்சு. கும்புட்டேன் குழாய.

பூசைக்கு அப்பறம், காவிப் பல்லு பத்தி களஞ்சியத்துல என்ன இருக்குதுன்னு மேரி தேடுச்சு. ஒரு கட்டுரை இருக்குது, ரெண்டு மூணு வரி. யாரோ ஆரம்பிச்சு வுட்டுட்டாங்க. நம்ம மாவட்டத்து பேரே இல்ல. நான் மைக்க புடிச்சு சொன்னேன்: "தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது." புஸ்தகத்தமிழ்ல சொல்ல கத்துகிட்டேன். கீழ அந்த இலாகா புஸ்தகத்து பேர மேரி போட சொல்லி குடுத்துச்சு, நானே போட்டேன். என் பேர்ல மொத வரி.

அப்பறம் மேரி மெதுவா, "இதுக்கு ஒரு படம் இருந்தா நல்லா இருக்கும். படிக்காதவங்க கூட பாத்து புரிஞ்சுக்குவாங்க. படத்துக்கு புஸ்தகம் வேணாம். நம்ம எடுத்தது, நம்மளோடதுன்னு சொன்னா போதும்"னுச்சு.

கோயில் மண்டபத்துல அத்தன பேரும் ஒரே நேரத்துல வாய மூடுனோம். அத்தன வாயிலயும் அதே பல்லு. மேரிக்கு மட்டும் வெள்ளப் பல்லு, அது வெளியூரு தண்ணி.

ராசாத்தியக்கா எழுந்துட்டாங்க.

"நல்லா இருக்குதுடியம்மா. ஊருக்கெல்லாம் நம்ம வாய பொளந்து காட்டணுமா? அப்பறம் இந்த ஊர்ல எவன் பொண்ணு எடுப்பான்?"

"ஊர் பேரு போட வேணாங்கக்கா. மூஞ்சியும் தெரியாது. ஒதடும் பல்லும் மட்டும்."

"யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு எழுதி குடுக்கணுமாமே. பல்பொடி விக்கறவன் போட்டா?"

"போட்டாலும் கேக்க முடியாதுங்கக்கா. உள்ளத சொல்லிடறேன்."

"கேட்டுக்கங்கடி. கோவிந்தம்மா பல்லு பல்பொடி டப்பாவுல."

எல்லாரும் சிரிச்சாங்க. முந்தானைக்குள்ள தான். என் பேர ஏன் இழுத்தாங்கன்னு தெரியல. நான் ஒண்ணும் சொல்லவே இல்ல. ஆனா என்னய தான் பாத்தாங்க.

மாசி 10, சனி

புளி. மனசு அதுல இல்ல.

இவருகிட்ட சொன்னேன். ஆட்டுக்கு தழ ஒடச்சு போட்டுகிட்டே கேட்டாரு.

"உனக்கு குடுக்கணும்னு இருக்குதா?"

"சுதா கல்யாணம் முடியட்டும்னு இருக்குது."

"அப்ப முடியட்டும்."

"அது வரைக்கும் அந்த கட்டுரை மொட்டயா கெடக்குமே."

"ஏ புள்ள, நீ என்னய கேக்கறியா, நீயே பேசிக்கறியா?"

போய்ட்டாரு.

மொரப்பூர்காரங்க இன்னும் பாக்க வர நாள் சொல்லல. அந்தம்மாவுக்கு சளியாம்.

வாங்க வேண்டியது: கற்பூரம், திரி, சுதாவுக்கு ஊக்கு, ரவ.

மாசி 15, வியாழன்

அமாவாச. மயான கொள்ள. அங்காளம்மன் ஊர்வலத்துக்கு கூட்டம்னா அப்படி கூட்டம். கூட்டத்து மேல வாரி எறிஞ்சு சூற விட்டதுல ஒரு கொழுக்கட்ட என் மடியில வந்து விழுந்துச்சு. நல்ல சகுனம்.

பொரி கட கிட்ட ஒரு பொண்ணு, அம்மா கைய புடிச்சுகிட்டு. கம்பைநல்லூர்ல இருந்து வந்தவங்களாம். பல்லு வுழுந்து புதுசா மொளச்சிருக்குது. என்னய பாத்து சிரிச்சுது பாரு, அப்ப பாத்தேன். பல்லு மேல சுண்ணாம்பு கோடு மாதிரி வெள்ள வெள்ளயா. அப்படி தான் ஆரம்பிக்கும். எனக்கும் அப்படி தான் ஆரம்பிச்சுதுன்னு எங்கம்மா சொல்லும்.

"எந்த தண்ணிம்மா குடுக்கற?"ன்னு அம்மாக்காரிய கேட்டேன். "எங்க போர் தண்ணி தாங்க. நல்லா காய்ச்சி ஆத்தி தான் குடுப்பேன்"னு சொல்லுச்சு. எவ்ளோ பொறுப்பா சொல்லுச்சு. நான் பட படன்னு சொன்னேன், காய்ச்சுனா போவாதுன்னு. அது என் பல்ல பாக்கல, ஏன்னா நான் முந்தானைய வச்சு மறச்சுகிட்டு பேசறேன். நம்பல. "சரிங்க"ன்னு தலய ஆட்டிட்டு போய்டுச்சு.

வூடு வந்து சேர்ற வரைக்கும் அதே நெனப்பு. மறச்சுகிட்டு சொன்னா எவ நம்புவா.

அங்காளம்மா, நீ அவ்ளோ கூட்டத்துக்கு நடுவுல நாக்க நீட்டிகிட்டு வர்ற. எனக்கு என்ன வெக்கம்.

மாசி 16, வெள்ளி

படம் எடுத்தாச்சு.

பூசைக்கு முன்னாடியே லைப்ரரிக்கு போய்ட்டேன், மனசு மாறறதுக்கு முன்ன. ஜன்னல் வெளிச்சத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சுது மேரி. சிரிக்கவே வரல. இவ்ளோ நாள் அடக்கி வச்சது, கேட்ட ஒடனே வருமா? கை வேற வாய்க்கு போவுது. மேரி ரெண்டு கையிலயும் ரெண்டு தடி புஸ்தகத்த குடுத்து புடிச்சுக்க சொல்லுச்சு. அப்பறம், "அக்கா, வடக்க பாத்து ஒக்காந்திருப்பாரே, அவரு பேரு என்னங்கக்கா?"ன்னு கேட்டுச்சு பாரு. வாய் தொறந்துடுச்சு.

போன்ல பாத்தேன். ஒதடு, பல்லு, அவ்ளோ தான். என் பல்ல இவ்ளோ பெருசா நானே பாத்தது இல்ல. பழுப்பு, நடுவுல குழி குழியா. போன கவுத்து வச்சேன். அப்பறம் பாக்க பாக்க சரியா போச்சு. என் பல்லு. இத வச்சு தான இத்தன வருசம் கரும்பு கடிச்சேன்.

கீழ எழுதுனது: 'புளோரைடு மிகுந்த நீரால் கறை படிந்த பற்கள், தருமபுரி மாவட்டம்.' ஊர் பேரு இல்ல. ராசாத்தியக்கா சொன்னதுல அத மட்டும் மதிச்சோம்.

மண்டபத்துல அவங்ககிட்ட சொன்னேன். குங்குமம் குடுக்கறப்ப எனக்கு மட்டும் கொஞ்சமா குடுத்தாங்க.

மாசி 18, ஞாயிறு

படம் கட்டுரையில நிக்குது. வேலியோரம் ஒரு நன்றி அனுப்பியிருக்காரு. அப்பறம் நாலு வரி சேத்திருக்காரு, நம்ம மாவட்டம் பத்தி, பழைய பேப்பரெல்லாம் தேடி ஆதாரத்தோட. "உங்கள் படத்தைப் பார்த்த பிறகு கட்டுரையை அப்படியே விட மனம் வரவில்லை அம்மா"ன்னு சேதி. அழுதுட்டேன்.

மத்தியானம் கோயிலுக்கு போயி அவருக்கு ஒரு அர்ச்சன. பூசாரி பேரு, நட்சத்திரம் கேட்டாரு.

"பேரு வேலியோரம்."

"என்னம்மா பேரு இது?"

"அப்படி தாங்க வச்சிருக்காரு. நட்சத்திரம் தெரியாது. ஆளயே தெரியாது."

"சாமி பேருக்கே பண்ணிடவா?"

"இல்லீங்க. வேலியோரம்னே சொல்லுங்க. ஆத்தாவுக்கு தெரியும்."

சொன்னாரு. புண்ணியம்.

சாயங்காலம் தான் இடி. சுதா என் பக்கத்துல வந்து உக்காந்து, "அம்மா, அவர்கிட்ட சொல்லிட்டேன்"னா.

"எவர்கிட்ட என்ன?"

"மொரப்பூர்காரர்கிட்ட. களஞ்சியத்துல எங்கம்மா எழுதறாங்கன்னு. அந்த கட்டுரைய அனுப்பி, இது எங்கம்மா பல்லுன்னு."

"ஏண்டி, மூஞ்சி தெரியாம, ஊர் பேரு தெரியாம எடுத்தது எதுக்கு?"

"உன் பேரு தான் அங்க இருக்குதே, காய்ச்சுனா போவாதுன்னு எழுதுனதுல. நான் பெருமையா தாம்மா சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பாக்கறேன்னாரு. அப்பறம் பேசல."

அடிக்க கை ஓங்கிட்டேன். அடிக்கல. முத்து மாதிரி பல்லோட பாக்கறா என்னய. அந்த பல்லுக்கு நான் சொமந்த தண்ணி.

மாசி 20, செவ்வாய்

போன் இல்ல. தரகருக்கு போட்டா, "அந்தம்மா கொஞ்சம் யோசிக்கறாங்க போல"ங்கறாரு.

ராசாத்தியக்கா வாசல்ல நின்னு கேட்டுட்டு போனாங்க. "என்னடி, மொரப்பூர் என்னாச்சு?" இன்னும் போன் வரலன்னேன். "நான் அப்பவே சொன்னேன்"னு அவங்க சொல்லல. அது வரைக்கும் நன்றி. ஆனா மூஞ்சில இருந்துச்சு.

சுதா சாப்புடல. இவரு ஒரு வார்த்த கேட்டாரு, "எடுத்துட சொல்லிடலாமா அந்த படத்த?"

எடுத்துடலாம். கேட்டா எடுப்பாங்களோ என்னமோ. மேரிகிட்ட கேக்கணும்னு செருப்ப கூட மாட்டிட்டேன். கம்பைநல்லூர் பொண்ணு கண்ணு முன்னாடி வந்துச்சு. செருப்ப கழட்டிட்டேன்.

ஆத்தா, என்னால பேசாம இருக்க முடியாதுன்னு உனக்கு தெரியும். இன்னிக்கு பேச ஒண்ணும் வரல. நீயே பாத்துக்க.

மாசி 21, புதன்

காலையில அடுப்புல ரவ வறுத்துகிட்டு இருக்கறேன், போன். புது நம்பர்.

"கோவிந்தம்மாங்களா? நான் மொரப்பூர்ல இருந்து பேசறேனுங்க. பையனோட அம்மா."

ரவ கருகுனது கருகுனதே.

"சொல்லுங்கம்மா."

"அந்த படம் உங்களுதுங்களா?"

"ஆமாங்க." பொய் சொல்ல வரல. "என்னுது தான். பொண்ணுக்கு அப்படி இல்லீங்க, நீங்க நேர்ல வந்தே..."

"அது இல்லீங்க. அதுல எழுதியிருக்குதே, காய்ச்சுனா போவாதுன்னு. அது நெசமாங்க?"

"நெசம் தாங்க. புஸ்தகத்துலயே இருக்குது. கீழ போட்டிருக்கறோம் பாருங்க."



"என் பெரிய பையனோட பொண்ணு இங்க தான் இருக்குதுங்க. தோட்டத்துல போர் தண்ணி தான், குழாய் இந்த பக்கம் வர்றது இல்ல. நான் தாங்க காய்ச்சி காய்ச்சி குடுக்கறேன். என் கையால. நல்லதுன்னு நெனச்சு. நாலு நாளா எனக்கு சோறு எறங்கல. மருமக கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல. எங்க தண்ணியில அது இருக்குதா இல்லயான்னே தெரியலீங்க. எங்க போயி கேக்கறது?"

சட்டியில இருந்து பொக. நான் அடுப்ப அணச்சுட்டு தரையில உக்காந்துட்டேன். எல்லா போர்லயும் இருக்காதுங்க, பாத்தா தான் தெரியும், நீங்க தெரியாம செஞ்சது, மனசு வுடாதீங்கன்னு சொன்னேன். தருமபுரியில தண்ணிய சோதிச்சு பாக்கற எடம் இருக்குது, லைப்ரரி மேரிக்கு தெரியும்னு சொன்னேன். கல்லுக்கெணத்து கதைய முழுசா சொன்னேன். ரொம்ப நேரம் பேசுனேன். அவங்களும் பேசுனாங்க.

வைக்கறப்ப தான் சொன்னாங்க. "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றோமுங்க. வர்றப்ப எங்க தண்ணிய புடிச்சுகிட்டு வரட்டுமா?"

"புடிச்சுகிட்டு வாங்க."

இவரு வந்து, "என்ன கருகுற வாசன?"ன்னாரு. கருகுன ரவைய கோழிக்கு போட்டேன். அதுவும் திங்கல.

மாசி 23, வெள்ளி

பூச. மாவிளக்கு போட்டேன், சொன்ன மாதிரி.

மொரப்பூர்காரம்மா போன்ல கேட்டத எல்லார்கிட்டயும் சொன்னேன். முடிஞ்சதும் ராசாத்தியக்கா போவல. எல்லாரும் களஞ்சியத்துக்கு உக்காந்தோம், அவங்களும் பக்கத்துல வந்து கால நீட்டி உக்காந்தாங்க. சேலைய முட்டி வரைக்கும் தூக்குனாங்க. முட்டி ரெண்டும் வெளிய வளஞ்சு கெடக்குது. கூட இருக்கறவளுக்கே இவ்ளோன்னு தெரியாது எனக்கு.

"மேரி, எலும்புக்கு வர்றத பத்தி தனியா இருக்குதா அதுல?"

"இருக்குதுங்கக்கா. அதுக்கும் படம் இல்ல."

"அப்ப எடு. இவ பல்லுக்கு ஒரு ஆளு கேக்குறான்னா, என் முட்டிக்கு ஒருத்தி கேக்க மாட்டாளா. ஆனா மூஞ்சி வரக்கூடாது, சொல்லிட்டேன்."

மேரி படம் எடுத்துச்சு. யாரும் சிரிக்கல. அடுத்த வெள்ளிக்கு யாரு என்னன்னு பிரிச்சுகிட்டோம். குழாய் வராத ஊருங்க பேரு எந்த புஸ்தகத்துல அச்சாயிருக்குதுன்னு தேடணும். நெறய இருக்குது. வாரத்துக்கு ஒண்ணு. போதும்.

குங்குமம் எனக்கு ரெண்டு தரம் வச்சு வுட்டாங்க.

மாசி 25, ஞாயிறு

விடியலயே வாசல் தெளிச்சாச்சு. கேசரி, பஜ்ஜி, காபி. சுதாவுக்கு பச்ச பட்டு. மேரி சர்ச்சு முடிஞ்சு நேரா வந்து பூ தொடுத்து குடுத்துச்சு.

மொரப்பூர்காரங்க பொழுதோட வந்துட்டாங்க. பையன் அம்மா மெலிஞ்ச ஒடம்பு, கதர் சேல, சின்ன பொண்ணு, பேத்திய கையில புடிச்சுகிட்டு. தட்டுல பூ, பழம், வெத்தல பாக்கு, கற்கண்டு. தட்ட ராசாத்தியக்கா வாங்கிகிட்டாங்க. அப்பறம் அந்தம்மா பையில இருந்து தண்ணி பாட்டில ஒண்ண எடுத்து என் கையில குடுத்தாங்க. கழுவி கழுவி புடிச்சாங்களாம். மூடி கழண்டுடும்னு ரெண்டு கையாலயும் புடிச்சுக்க சொன்னாங்க.

"பொண்ணு பாக்க போவயில தண்ணி கொண்டாந்தவ நான் ஒருத்தி தானுங்க இருப்பேன்"னாங்க.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டு கையிலயும் பாட்டிலு. முந்தானைய எடுக்க கை இல்ல.

சின்ன பொண்ணு அண்ணாந்து என் வாயயே பாத்துச்சு. பாட்டி சேலைய இழுத்து, "ஆயா, போன்ல வந்த பல்லு"ன்னுச்சு.